மடைவாயில் கட்டும் துணி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே கடல் தண்ணீர், கடற்பாறை. ஒரு காலத்தில் நத்தைகளும் ஒரு சின்ன இறாலும் ஒரு கடல் சாமந்தியும் இருந்தன. அந்தச் சாமந்திக்குள்ளேயே குடியிருந்த ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இன்னும் இருக்கிறது.

எல்லாம் என் வீட்டுக்காரர் வைத்தது. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருவார். நீல யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு நேராகத் தொட்டியின் முன்னால் உட்காருவார். கடல் சாமந்தி பேரில்தான் பூ, உண்மையில் அது ஒரு பிராணி. விரல் விரலாக ஆடும். வேறு மீன் பட்டால் கொட்டும், கோமாளி மீனை மட்டும் கொட்டாது. "பாத்தியாடி, ஊருக்குத்தான் முள்ளு, வூட்டுக்காரனுக்கு மெத்தை" என்று என்னைச் சீண்டுவார். நான் முறைத்தால் இன்னும் சிரிப்பார்.

மாமனாருக்கு அந்தத் தொட்டியே ஆகாது. பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டே காலம் தள்ளியவர். "கடலு கூப்புடு தூரத்துல கீது. இவன் இன்னாடான்னா உப்பு வாங்கியாந்து வூட்டுக்குள்ள கடல் பண்றான்" என்பார். ஆனால் மகன் வேலைக்குப் போன பிறகு அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதும் அவர்தான்.

போன வருஷம் தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டில், என் வீட்டுக்காரரின் பைக் மீது லாரி மோதியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

சாவு வீட்டில் தொட்டியை யாரும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருமாதி முடிகிறவரை வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யாரோ ஒரு பெரியம்மா, "அது அவன் வச்ச வெளக்கு, அதையும் அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தொட்டியின் லைட்டும் இரவும் பகலும் எரிந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு பிடி தீனி போட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள், தொட்டியில் போடுவதற்குக் கேட்க வேண்டுமா? தண்ணீர் வற்றிப்போனதைப் பார்த்து யாரோ போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். எங்கள் போர் வயலுக்கு நடுவில் இருக்கிறது. போட்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் எங்கே போகும்? அவர் இருந்தவரை ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர எதையும் அதில் விட்டதில்லை.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகுதான் நான் தொட்டியைப் பார்த்தேன். பாறை முழுவதும் பச்சை மயிராகப் பாசி. கண்ணாடியில் பழுப்புப் படலம். சாமந்தி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பட்ட காலிலே படும் என்பது சரிதான் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் ஆசையாக வளர்த்ததில் உயிரோடு மிச்சம் இருந்தது அந்தச் சாமந்தியும் மீனும் நத்தைகளும் இறாலும்தான். அதையும் விட்டுவிடக் கூடாது என்று வீம்பு வந்தது. அவர் கடைசியாக மாட்டிவிட்டுப் போன சட்டையையும் நான் ஆணியிலிருந்து எடுக்கவில்லை, துவைக்கவில்லை. யாரும் இல்லாதபோது கதவை ஒருக்களித்து அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். வியர்வையும் மெஷின் ஆயிலும் கலந்து ஒரு வாசனை அடிக்கும்.

வில்லியனூரில் அவர் உப்பு வாங்கும் மீன் கடைக்கு போன் பண்ணினேன். "இன்னா மருந்து ஊத்தலாம்?" என்று கேட்டேன்.

"மருந்தே வாணாம்க்கா" என்றார் கடைக்காரர். "பாசிக்கு நீங்கதான் சோறு போடுறீங்க. அத நிறுத்துங்க. லைட்ட கொறைங்க, தீனிய கொறைங்க, ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துங்க. பாசிய கையாலயே புடுங்குங்க. மாசக்கணக்குல ஆவும், அவசரப்படாதீங்க."

அப்படியே செய்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்து, தேய்த்ததெல்லாம் மிதந்து மறுபடி ஒட்டுவதற்குள் டியூப் வைத்து வாளிக்கு இழுப்பேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். மகன் போன பிறகு அவர் பேச்சு பாதியாகிவிட்டது. "களை எடுக்குறாப்ல கீதும்மா" என்றார் ஒருநாள். "ஆமா மாமா, கூலிதான் கெடைக்கல" என்றேன். ரெண்டு பேரும் லேசாகச் சிரித்தோம். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. பாறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது. சாமந்தியும் விரலை நீட்டத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் சுத்துக்கேணியில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. போகாவிட்டால் அம்மா வருத்தப்படுவாள் என்று போனேன். போய்ப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

வாசலிலேயே மாமனார் நின்றிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "வந்து பாரும்மா. நீ படுற பாட்ட பாக்க முடியல. பாசிய ஒழிச்சிட்டேன்" என்றார்.

தொட்டியில் பம்ப் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு சின்னத் துணி மூட்டை நூலில் தொங்கியது. அதிலிருந்து நீலம் கசிந்துகொண்டிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மயில்துத்தம். நெல் வயலில் பாசி படர்ந்தால் எங்கள் பக்கத்தில் அதைத் துணியில் முடிந்து மடைவாயில் கட்டிவிடுவார்கள். பாயும் தண்ணீரில் கரைந்து வயல் முழுவதும் போய்ப் பாசியைக் கருக்கிவிடும், நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. நானும் விவசாய வீட்டுப் பெண்தான். அது செம்பு என்பதும், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் செம்பு பட்டால் மீனைத் தவிர எதுவும் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் செம்புக் காசைக்கூட அதன் பக்கம் கொண்டுவர விடமாட்டார்.

பாசி வெளுத்துப்போயிருந்தது. சாமந்தி கரைந்து, கஞ்சி ஆடை போல அடியில் கிடந்தது. மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

என் வாய் சும்மா இருக்காது, ஊருக்கே தெரியும். அன்றைக்கு மாமனார் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் உள்ளே விட்டேன். மூட்டையை அவிழ்த்து எடுத்து வெளியே போட்டேன்.

"பூவு ஏம்மா அப்புடி கீது?" என்று கேட்டார்.

"பாசி அமுக்கி அமுக்கி ஏற்கெனவே நொந்துபோயிருந்தது மாமா. அதான்" என்று பொய் சொன்னேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார். அதுவரை பாசியை மட்டுமே பார்த்திருக்கிறார். மணலில் நத்தைகள் மல்லாந்து கிடந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"வயல்ல நத்தை ஏறுனாலும் இதத்தான் போடுவோம்" என்றார். "எனக்கு ஏம்மா தோணாம பூட்டுது?"

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

கடைக்காரர் போனில் உச்சுக் கொட்டினார். செம்பு பாறைக்குள்ளேயே ஏறிவிட்டதாம். தண்ணீரை மாற்றினாலும் மெல்ல மெல்லக் கசியுமாம், இனி இதில் சாமந்தி வைக்க முடியாதாம். மீன் மட்டும் பிழைத்துக்கொள்ளுமாம்.

மீன் பிழைத்துக்கொண்டது. ஆனால் படுக்க இடமில்லாமல் பம்ப் ஓரத்திலேயே கிடந்தது. கண்ணாடியில் உடம்பை உரசும், விலகும், மறுபடி உரசும். மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருவார்.

ஒருநாள் காலை கூடத்தைப் பெருக்க வந்தேன். பம்ப் வாயில், அதே இடத்தில், நூலில் நீலமாக ஒரு துணி தொங்கியது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துணியைப் பிடித்துப் பிசைந்தேன். உள்ளே எதுவும் இல்லை. நீலம் கரையவும் இல்லை. மடிப்புக்குள்ளிருந்து மீன் துள்ளி வெளியே வந்து, நான் கையை எடுத்ததும் மறுபடி உள்ளே நுழைந்துகொண்டது.

நாற்காலி தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "வெறுந் துணிதாம்மா, மருந்து கிருந்து இல்ல" என்றார் மாமனார் அவசரமாக. "படுக்கை இல்லாம தவிக்குதேன்னு கட்னேன். பாரு, எப்புடி பூந்துகினு படுக்குது. அவன் சட்டைதான், கதவாண்ட அழுக்கா தொங்கிகினு இருந்துச்சே, அது. சோப்பு வாசனகூட இல்லாம நாலு தண்ணி அலசிட்டுதாம்மா கிழிச்சேன்."

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆணி இருந்தது.

"நல்லா கீது மாமா" என்றேன்.