வெறுங்குடத்தோடு மானாமதுரைக்கு

என் மருமகள் சுதா கடம் வாசிப்பவள். 2006ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தருகே ஒரு மண்டபத்தில் மாலை ஐந்தரை மணிக்கு அவளுக்குக் கச்சேரி இருந்தது. திருவானைக்காவிலிருந்து துணைக்கு நான் சென்றேன். மானாமதுரை எங்கள் திட்டத்திலேயே இல்லை. அங்கே போக நேர்ந்ததற்கு நானே காரணம். கடம் வாங்க அவ்வூர் செல்வோருக்கு வழி விவரம் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். என் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கடத்தின் சுருதி சூளையிலேயே அமைந்துவிடும்; பிறகு மிகச் சிறிதளவே மாற்ற முடியும். ஆகவே பெண்கள் பாடும் சுருதிக்கு ஒன்று, ஆண்கள் பாடும் சுருதிக்கு ஒன்று என இரண்டு கடங்கள் சுதாவிடம் இருந்தன. பஜனை மடங்களில் தொடங்கி, நாட்டிய அரங்கேற்றங்களுக்கு வாசித்து, வானொலித் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறியவள் அவள். ஆயினும் பெண் பாடகர்களே அவளை அழைத்தார்கள். ஆண்களுக்கான கடம் நான்கு ஆண்டுகள் அலமாரியில் காத்திருந்தது. அழைப்பு வராத அந்நாட்களிலும், விடியற்காலைப் பயிற்சியில் அதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்கி வந்தாள். இப்போதுதான் ஒரு மூத்த வித்துவான் தமக்கு வாசிக்க அழைத்திருந்தார். அந்தக் கடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தோம். தெப்பக்குளத்தருகே உள்ள அவள் தாய்வீட்டில் தங்கினோம்.

கச்சேரி நாளன்று காலை ஐந்து மணிக்கு அம்மன் சந்நிதிக்குச் சென்று குங்குமம் பெற்றுத் திரும்பினேன். வெறுங்குடத்தோடு நற்காரியத்திற்குப் புறப்படலாகாது என்பது நான் வளர்ந்த முறை. எதிரே வெறுங்குடம் வந்தால் வீடு திரும்பிச் சற்று அமர்ந்துவிட்டுப் போகிறவன் நான். எனவே கடத்தில் கழுத்துவரை கிணற்று நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்துப் பூசையறையில் கும்பமாக அமர்த்தி, எனக்குத் தெரிந்த பதிகங்களையெல்லாம் ஓதினேன். அன்று என் குரலும் நன்றாகவே இருந்தது.

ஏழரை மணிக்குச் சுதா வந்து பார்த்தாள்.

"மாமா, எம்புட்டு நேரமா இதுல தண்ணி இருக்கு?"

"ஒன்றரை மணி நேரம் ஆயிற்றம்மா."

அவள் நீரைக் கொட்டிவிட்டுத் தட்டினாள். ஈரச் சுவரைத் தட்டிய ஓசை வந்தது. மண் நீரைக் குடித்துவிட்டிருந்தது. தாயும் மகளும் தங்கள் சௌராஷ்டிர மொழியில் இரண்டு வாக்கியம் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை, அது எனக்குக் கிடைத்த சலுகை. பிறகு சுதா என்னிடம், "கெளம்புங்க மாமா, மானாமதுரை போயிட்டு வந்துருவோம்" என்றாள். குரலில் கடுமை சிறிதும் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாயிருந்தது.

தெப்பக்குளத்திலிருந்து மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற்கு ஆட்டோ நாற்பது ரூபாய். அங்கிருந்து ஒன்பது மணி பத்து நிமிடத்திற்குப் பேருந்து. தொலைவு ஏறத்தாழ நாற்பத்தெட்டு கிலோமீட்டர். கட்டணம் பதினேழு ரூபாய். அளவு காட்டுவதற்காகப் பழைய கடத்தையும், சுருதி பார்க்கச் சுருதிப்பெட்டியையும் எடுத்துச் சென்றோம். நடத்துநர் எங்களைக் கூர்ந்து பார்த்தார்.

"பெரியவரே, பானைய மடில வச்சீகன்னா டிக்கெட் இல்ல. சீட்டுல ஒக்கார வச்சா அதுக்கும் பதினேழு ரூவா."

"இது பானையன்று, கடம்" என்றேன்.

"கடமா இருந்தாலும் அதே ரேட்டுத்தான்யா."

சுதா சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதற்சிரிப்பு.

வழியில் திருப்புவனம். வையை மணலெல்லாம் சிவலிங்கமாகத் தோன்ற, கால் வைக்க அஞ்சி, அடியார்கள் மறுகரையில் நின்றே தொழுதார்கள் என்பது தலவரலாறு. இறைவனைக் கண்ட இடத்தில் அவர்கள் தொடாமல் நின்றார்கள். நானோ தண்ணீரை ஊற்றிவிட்டேன். இருந்த இடத்திலேயே கைகூப்பிக்கொண்டேன்.

மானாமதுரையில் இறங்கியபோது மணி பத்தரை. கடம் செய்யும் வீட்டுக்கு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அவ்வீட்டு அம்மாள் பழைய கடத்தை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, சளி புடிச்சாப்புல கெடக்கு?"

"என் கைதாங்க்கா. கழுவயில தண்ணி உள்ள போயிருச்சு" என்றாள் சுதா.

எனக்காக அவள் பொய் சொன்னாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "இல்லை அம்மா, நான்தான் இதில் நீர் நிரப்பிக் கும்பம் வைத்தேன்" என்றேன்.

"தேங்கா வச்சீகளா?"

"வைத்தேன்."

"மாவெல?"

"அதுவும்."

"ஏங்க, இங்க வாங்க!" என்று கணவரை அழைத்தார். "நம்ம கடத்துக்கு இம்புட்டு மரியாத எவுக செஞ்சிருக்காக?"

சேற்றுக் கையோடு வந்த அவர் சிரிக்கவில்லை. "ஒடையல, கீறல் இல்ல. ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வைங்க, தேறிரும். ஆனா இன்னைக்கு ஆகாது" என்றார்.

நான் சுருதிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். சுதா தரையிலமர்ந்து ஒவ்வொரு கடமாகத் தட்டினாள். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அடுத்தது சற்றே உயர்ந்து ஒலித்தது. அவர் கடத்தின் வாய்க்குள் சிறிது களிமண்ணை அப்ப, சுருதி இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. விலை நானூறு ரூபாய். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

ஆனால் புதுக் கடத்தில் எவ்விடம் எந்த ஒலி தரும் என்பதைக் கை அறிய மாதங்களாகும். எங்களுக்கு இருந்ததோ ஐந்து மணி நேரம். திரும்பும் பேருந்தில் வழிநெடுக அவள் விரல்கள் ஓயவில்லை. முன்னிருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாமும் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

அன்று மாலை, மிருதங்கமும் கடமும் மட்டும் மாறிமாறி வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முதற்சுற்றில், கழுத்துப் பகுதியில் அவள் விரல் ஒருமுறை வழுக்கிற்று. நான் கண்களை மூடிக்கொண்டேன். அதன்பின் அவள் கழுத்துப் பக்கமே போகவில்லை. பகலெல்லாம் தட்டி அறிந்த வயிற்றுப் பகுதியிலேயே நின்று, மிருதங்கத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னாள். பாடகர் அவள் பக்கம் திரும்பித் தாளம் போட்டார். முடிந்ததும் மிருதங்கக்காரர் அவளிடம், "அடுத்த மாசம் எட்டாந்தேதி காரைக்குடி. வர்றியாம்மா?" என்று கேட்டார்.

"வாரேன்ணே" என்றாள்.

செல்வோருக்குச் சில சொற்கள்: காலையிலேயே செல்லுங்கள்; சுருதிப்பெட்டியை மறவாதீர்கள்; கச்சேரி நாளுக்கு மாதங்கள் முன்னதாகவே வாங்குங்கள். திரும்புகையில் கடம் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். பூசை செய்ய விரும்பினால் வெளியே ஒரு பொட்டு போதும்.

பழைய கடம் இரண்டு நாள் வெயிலில் தேறிவிட்டது. இப்போது சுதா கச்சேரிக்குப் புறப்படும் நாட்களில் நான் முன்னதாகவே தெருமுனைக்குப் போய்விடுகிறேன். அவள் வெறுங்குடத்தை அணைத்தபடி வருவாள். அந்த வெறுங்குடத்தை வேண்டுமென்றே எதிர்கொண்டு, நான் அவளுக்கு எதிரே நடந்து வீடு திரும்புவேன்.