பின்னால் சுற்றிய இஞ்சின்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். நடந்தது நடந்ததுதான். கஸ்பார் மேஸ்திரி பேய் பிசாசுக்குப் பயந்தவர் அல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்து ஆயில் இஞ்சின் பழுது பார்த்தவர். ஞாயிறு காலை பூசை, மற்ற ஆறு நாளும் கையில் ஸ்பேனர். அப்படிப்பட்ட மனிதருக்கு இது நேர்ந்தது. 1958ஆம் வருஷம், சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. அதுவும் இரவில் அல்ல, உச்சி வெயிலில்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மாதையன் என்ற விவசாயிக்கு நாலு ஏக்கர் கரும்பு. பயிர் காய ஆரம்பித்திருந்தது. கிணற்று இஞ்சினை ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார்கள். இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கரும்பு அடுப்புக்குத்தான் ஆகும் என்ற நிலையில், மாதையனே பஸ் ஏறி வந்து கஸ்பாரைக் கூட்டிப் போனார்.

"இஞ்சின் என்னமோ ஓடுதுங்க மேஸ்திரி. தண்ணிதான் ஏறமாட்டேங்குது" என்றார் வழியில்.

கிணறு அறுபதடி ஆழம். தண்ணீர் அடியில் கிடந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து பம்பு உறிஞ்சாது. அதனால் நாற்பதடியில் பாறையைக் குடைந்து ஒரு மேடை அமைத்து, இஞ்சினையும் பம்பையும் அங்கேயே இறக்கி வைத்திருந்தார்கள். கஸ்பார் கல்படியில் இறங்கி மேடையை அடைந்தபோது மணி 10.20. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வது அவர் பழக்கம்.

அது இரண்டு ஸ்ட்ரோக் குரூட் ஆயில் இஞ்சின். தலையில் இருக்கும் இரும்பு உருண்டையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தைக் கையால் உந்திவிட்டால் கிளம்பிவிடும். கிளம்பியது. கஸ்பார் ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் வால்வு உண்டு. அது ஒரே திசையில்தான் ஓடும். இதில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள்தான். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றைத் திறக்கும், அதுவே மூடும். எந்தப் பக்கம் சுற்றினாலும் இஞ்சினுக்கு ஒன்றுதான். பம்புக்கு அப்படியில்லை. முன்னால் வந்த இருவரும் இதைக் கவனிக்கவில்லை.

நிறுத்தி, நேராகச் சுற்றவிட்டார். தண்ணீர் வந்தது, நூல் மாதிரி. இஞ்சினுக்கு மூச்சு முட்டியது. புகைத் துளையிலிருந்து ஒரு ஒல்லிக் குழாய் நாற்பதடி ஏறிக் கிணற்றுக்கு வெளியே போயிற்று. தட்டிப் பார்த்தார். உள்ளே கரி அடைத்துக் கிடந்தது. இந்த வகை இஞ்சினில் பழைய புகை தாராளமாக வெளியே போனால்தான் புதுக் காற்று உள்ளே வரும். வழியை அடைத்தால் பாதி பலம்கூடக் கிடைக்காது.

கஸ்பார் குழாயைக் கழற்றிப் போட்டார். துளையிலிருந்த கரியைச் சுரண்டி எடுத்தார். புகை மேடையிலேயே வந்துவிட்டுப் போகட்டும், கிணறுதான் மேலே திறந்து கிடக்கிறதே என்று நினைத்தார்.

11.40. டப்... டப்... டப்... கிணறே அதிர்ந்தது. மேலே வாய்க்காலில் தண்ணீர் திமிறிக்கொண்டு விழுந்தது. மாதையன் கிணற்று விளிம்பில் நின்று தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

11.46. ஓசை தடுமாறியது. டப்... டப்...... ட... சக்கரம் நிற்கப் போயிற்று. ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. தண்ணீர் நின்றது.

வேகம் செத்தால் இந்த இஞ்சின் இப்படித் திரும்புவதுண்டு. ஆனால் வேகம் ஏன் செத்தது? எண்ணெய் இருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. மறுபடி நேராக ஓடவிட்டார்.

11.58. மறுபடியும் திரும்பியது.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. வறண்ட இருமல்... அவர் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினார். பாறைதான் இருந்தது.

"கீழே யாராச்சும் இருக்காங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

மாதையன் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினார். "ஆரும் இல்லீங்க" என்றார்.

மூன்றாம் முறை ஓடவிட்டு, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விளிம்பு முழுக்க எண்ணெய் பளபளத்தது.

12.07.

அந்தப் பளபளப்பின் நடுவே ஒரு பட்டை விழுந்தது... மங்கலாக... உள்ளங்கை அகலத்துக்கு. யாரோ சக்கரத்தை அழுத்திப் பிடிப்பது போல.

கருகிய நாற்றம். தோல் கருகும் நாற்றம்.

டப்...... டப்.........

நின்றது.

காதருகே ஒரு குரல்.

"மேல போயிருங்க."

கஸ்பார் ஓடினார். கடைசிப் பத்துப் படிகளைத் தவழ்ந்துதான் ஏறினார். மேலே வந்ததும் வாந்தி. தலை பிளந்துவிடும் போல வலித்தது. எல்லாம் பயத்தினால் என்று நினைத்துக்கொண்டார்.

இருமலையும் குரலையும் மாதையனிடம் மறைக்காமல் சொன்னார். மாதையன் முகம் கறுத்தது. தான் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். பண்ணையாள் கந்தனுக்கு, சக்கரத்தை எந்தப் பக்கம் உந்த வேண்டும் என்று மேலே நின்றபடியே கையால் காட்டிக் கொடுத்துவிட்டு, கஸ்பார் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தார். கழற்றிப் போட்ட குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் மாதையன் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்றபடியே சொன்னார். சனிக்கிழமை இஞ்சினை ஓட்ட இறங்கிய கந்தன் கஞ்சி குடிக்க மேலே வரவில்லை. பார்க்க இறங்கிய அவன் மனைவி சின்னாயியும் வரவில்லை. இரண்டு பேரையும் மேடையிலிருந்து கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். புகையில் உள்ள நஞ்சு கிணற்றுக்குள் தேங்கிவிட்டது, முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம், அவ்வளவுதான் என்று சர்க்கார் டாக்டர் சொன்னாராம்.

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழாயை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டார்.

இரண்டு வருஷம் முன்பு என்றார் மாதையன். அதுவரை குழாய் கிடையாது. இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த அம்மாசி என்பவன் அதே மேடையில் புகையில் சிக்கிச் செத்தான். எண்ணெயை அடைக்கக் கண் தெரியாமல், சக்கரத்தை வெறுங்கையால் அழுத்தி நிறுத்தப் பார்த்திருக்கிறான். தூக்கும்போது அவன் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. இதைச் சொன்னால் கிணற்றில் ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கஸ்பார் கடைசியாக ஒன்று கேட்டார். தான் இருந்தபோது பத்து நிமிஷம்கூட நேராக ஓடாத இஞ்சின், கந்தனுக்கு ஒரு தடவையாவது நிற்கவில்லையா?

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்லிட்டுப் போனதும், வெள்ளிக்கெழம பூசாரியக் கூட்டியாந்து அம்மாசியைக் கட்டித் தொரத்திட்டமுங்க. சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு எடுத்த இஞ்சின்... ரெண்டு பேரையும் தூக்கற வரைக்கும் ஒருக்காக்கூட நிக்கலீங்க."