நான் அவிழ்க்காத கயிறு

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்து வீதி ஒன்றில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் என் அப்பா குதிரைக்காரராக இருந்தார். எனக்குப் பதினாலு வயது. பெண்பிள்ளைக்கு இது போதும் என்று ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. நெல்லித்தோப்பிலிருந்து விடியற்காலையில் அப்பாவோடு நடந்துபோய் லாயம் கூட்டுவேன், புல் உதறிப் போடுவேன். யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படி ஒரு கூச்சம்.

அந்த வீட்டு ஐயா பிரான்சில் இருந்தார். இங்கே அவர் மனைவியும் ஒரே பெண்ணும்தான். மனைவியை எல்லோரும் மதாம் என்போம். பெண்ணுக்கு என் வயது. அவர்களும் சீக்கிரம் கப்பல் ஏறுவதாக இருந்தது. அதற்குள் ஒரு தடவையாவது குதிரையில் ‘கலோ’ போய்விட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. குதிரை முதலில் நடக்கும், அப்புறம் மேலே இருப்பவரைக் குலுக்கி எடுக்கிற மாதிரி சின்ன ஓட்டம் ஓடும். அதற்கும் மேலே, முழுப் பாய்ச்சலுக்குக் கொஞ்சம் கீழே, ஊஞ்சல் மாதிரித் தூக்கித் தூக்கிப் போடுகிற ஓட்டம் ஒன்று உண்டு. அதைத்தான் அந்த வீட்டில் கலோ என்பார்கள்.

குதிரை மிதித்து அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்ததால், கடற்கரையில் கயிறு பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. நீளக் கயிற்றின் ஒரு முனை குதிரையின் தலையில், மறுமுனை என் கையில். நான் நடுவில் நிற்க, குதிரை என்னைச் சுற்றி வட்டமாக ஓடும். கலோவுக்கு விடும்போது அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். எப்போது அவிழ்ப்பது என்று கயிறு பிடிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கட்டுப்பாடு. மேலே உட்கார்ந்தவருக்குத் தைரியம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஆள் தடுமாறிக் கடிவாளத்தை இழுத்தால் குதிரை தலையை உதறும், அது வெடுக்கென்று கயிறு வழியாகக் கைக்கு வந்துவிடும். மதாமும் சரி என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம் என் உள்ளங்கை தேய்ந்து எரிந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, “என்னா புள்ள, நீ குதிரய மேய்க்கிறியா, குதிர ஒன்ன மேய்க்குதா?” என்று சிரித்தாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. குதிரை மேலேயிருந்து மதாமின் பெண், “அது எங்க ரெண்டு பேரையுந்தான் மேய்க்குது, அக்கா!” என்று கத்தினாள்.

ஓட்டம் முடிந்ததும் குதிரைக்கு மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் நடத்த வேண்டும். அவள் இறங்கி என்னோடு நடப்பாள். பள்ளிக்கூடம், கப்பல், பார்த்தேயிராத பனி என்று எல்லாம் பேசுவாள். நடுவில் நின்று, “நீ என்னா நெனைக்கிற?” என்பாள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நானும் பேசினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

ஒருநாள் குதிரை சின்ன ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, வகுப்பில் கன்னியாஸ்திரீக்குத் தும்மல் நிற்காமல் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் குலுக்கலில் வார்த்தை உடைந்து உடைந்து விழும். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட உடையவில்லை. கண் பிடரியைப் பார்க்காமல் தூரத்தில் கடலைப் பார்த்திருந்தது. முழங்கால் ஆடவில்லை. ஐந்தாறு சுற்று ஓடியும் கயிறு என் கையை ஒரு தடவைகூட வெட்டி இழுக்கவில்லை. இனி அவிழ்த்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஏய், இன்னைக்கி அவுத்துடலாமா?” என்றாள்.

அவிழ்த்துவிட்டால் அவள் கரையோரமாகத் தனியாகப் போய்விடுவாள். எனக்கு அங்கே என்ன வேலை? நான் லாயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டுங்க” என்றேன்.

மணலில் உட்கார்ந்திருந்த அப்பா, “நல்லாத்தான குந்தியிருக்குது?” என்றார்.

“கயிறு கைய இழுக்குதுப்பா.”

அப்பா என்னை நம்பினார். அவளும் நம்பினாள். இன்னும் நன்றாக உட்காரவேண்டும் என்று தினமும் என்னையே கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டாள். திருத்த ஒன்றுமே இல்லை. தினமும் ராத்திரி, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பத்து நாள் இப்படிப் போயிற்று.

பதினோராம் நாள் காலையில் லாயம் காலியாக இருந்தது. கடலூர்ப் பக்கம் யாரோ வாங்குவதாகச் சொல்லி, முந்தின சாயங்காலமே குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கப்பலும் நினைத்ததைவிட முன்னாலேயே கிளம்பப்போவதாகக் கடிதம் வந்திருந்தது.

அவள் லாயத்துக்கு வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவளுக்குக் கலோ வராமலே போனதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

“வுடுடி. எனக்கு வரலன்னா நீ என்னா பண்ணுவ? நீ அவுத்துவுட்டிருந்தா எங்கியாவது வுழுந்து கைகால ஒடச்சிக்கினு கப்பல் ஏறியிருப்பேன். நீ இருந்ததால தப்பிச்சேன்” என்று என் கண்ணைத் தன் தாவணி முனையால் துடைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து மதாம் கூப்பிட்டார். அவள் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு அவளைத் தனியாகப் பார்க்கவே இல்லை.

நாலைந்து வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் ஆன பிறகு, பிரான்சிலிருந்து அப்பா பெயருக்கு அவள் கடிதம் ஒன்று வந்தது. எனக்குப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழைப் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். அங்கே ஊருக்கு வெளியே குதிரை பழக்குகிற இடம் இருக்கிறதாம். சிநேகிதிகள் கூப்பிட்டார்களாம். “எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். நீதான் பார்த்திருக்கிறாயே” என்று இருந்தது.

உண்மையை எழுத உட்கார்ந்து எத்தனையோ காகிதம் கிழித்தேன். ஒருவழியாக எழுதி முடித்துத் தபாலில் சேர்க்க மூன்று மாதம் ஆனது. மழைக்காலத்தில் அந்த உறை திரும்பி வந்துவிட்டது. வீடு மாறிப் போய்விட்டார்களோ என்னவோ.

இத்தனை வயதுக்குப் பிறகும் கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்த மணலில் வெறும் கையோடு நின்று, திரும்பிப் பார்க்காமல் குதிரைமேல் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கும் அவள் முதுகை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசையாக இருக்கிறது.