கூரையில் ஓர் ஓட்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். திரவ நைட்ரஜன் வாங்கிவர, தொழிற்பேட்டையின் மறுகோடியில் இருந்த கேஸ் கம்பெனிக்கு முதல்முறையாக என்னை அனுப்பினார்கள். குண்டும் குழியுமான சாலையில் சிந்திவிடக் கூடாதென்று, இறுக்கித் திருகும் மூடிபோட்ட ஸ்டீல் ஃபிளாஸ்க்காகத் தேடி எடுத்துப் போனேன்.

அங்கே நிரப்பிக் கொடுப்பவர் ஒல்லியான மனிதர். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பித்தான் கேட்பார். ஃபிளாஸ்க்கை வாங்கியதும் மூடியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூடி வேணுமே" என்றேன்.

"ஃபிளாஸ்க் நல்லாத்தான் கீது சார். மூடிதான் எமன். ஜில்லுனு இருந்தாலும் உள்ள அது கொதிச்சிகினே கீது. ஆவி போவ வழி இல்லன்னா வெடிச்சிரும்."

விரலால் மேலே காட்டினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தட்டு அளவுக்கு ஓட்டை. அதில் வானம் தெரிந்தது.

நிரப்பி, வாயில் ஒரு தெர்மகோல் துண்டை லேசாக வைத்தார். வெண்புகை அதன் ஓரமாகக் கசிந்தது. நான் தூக்கப் போனபோது கையை நீட்டி மறித்தார்.

"இன்னொண்ணு வச்சிகினு கீறல்ல, அதையும் குடு சார்."

வழியில் சிந்தினால் அடைக்கலாமென்று யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்த ரப்பர் கார்க்கை பேன்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் நின்றது அவருடைய இடது பக்கம். வலது பக்கம் போய் மறுபடியும் கேட்டேன்.

"அந்த ஓட்ட விழுந்த அன்னிக்கு நானும் ஒண்ணு வச்சிகினு இருந்தேன்."

திரும்பும்போது பள்ளத்துக்குப் பள்ளம் ஆட்டோவுக்குள் கொஞ்சம் சிந்தியது. கால்களைச் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டேன். சிந்தச் சிந்தத்தான் எனக்கு உயிர் வந்தது.