மூடியின் மேல் ஒரு நூல்

பூதக்கண்ணாடி என்றால் அந்தத் தையல் ஆலையில் தெரியாதவர் கிடையாது. தைத்து முடித்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. எங்கோ ஒரு தையல் பிசகினால் துணி அவள் மேசைக்கு வரும் முன்பே மூக்கில் வேர்த்துவிடும். அந்தக் கண்ணை ஆலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவளுக்கென்று வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம், கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற ஆறடிக் கண்ணாடித் தொட்டி. அதில் ஆப்பிரிக்க ஏரி மீன்கள். நீலமும் ஆரஞ்சுமாகப் பார்க்க லட்சணமாக இருக்கும், குணம் சுத்த அடாவடி. ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனை எல்லாம் துரத்தும். எல்லாவற்றிலும் பெரிய நீல மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். வேலை ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் விரட்டுவதால் வந்த பெயர். இந்த ஜாதி மீனை நாலைந்தாக வளர்க்கக் கூடாது, கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும், அப்போதுதான் அடி ஒருவன் மேலேயே விழாமல் எல்லோருக்கும் பங்காகப் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ளே இருந்த பாறைகளை அவளே பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள். ஒரு கல் விரலளவு நகர்ந்தாலும் பொறுக்க மாட்டாள். அடுக்களை டப்பாக்களும் அப்படியே.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இளையவள் வந்து சேர்ந்தாள். கொழுந்தன் என்று பேர்தான், அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது முதல் எல்லாம் பூதக்கண்ணாடியும் அவள் கணவருமே. வந்தவள் அதிர்ந்து பேசாதவள். சத்தம் போடுகிறவர்களைப் பூதக்கண்ணாடி நம்பினாலும் நம்புவாள், அதிர்ந்து பேசாதவர்களை நம்பவே மாட்டாள். போதாததற்கு, ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை அந்தப் பெண்ணுக்கு. பூதக்கண்ணாடி லீவில் இருக்கும் நாளில் பார்த்தால், பகல் முழுக்க அறைக்கதவு சாத்தியிருக்கும், உள்ளே முணுமுணுவென்று பேச்சு கேட்கும். வாடிக்கையாளரிடம் பேசுகிறாளோ, தன் அம்மாவிடம் இந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறாளோ, யார் கண்டது?

அந்தச் சமயத்தில் தொட்டிக்கும் ஒரு புதுவரவு. மஞ்சள் மீன் ஒன்றைப் பூதக்கண்ணாடி ஆசைப்பட்டு வாங்கினாள். மீன் கடைக்காரர் பையைக் கட்டிக் கொடுக்கும்போதே சொல்லித்தான் அனுப்பினார்.

"புதுசு விடுறப்ப உள்ள இருக்கிற பாறையெல்லாம் கலைச்சு வேற மாதிரி வைங்கம்மா. அப்பத்தான் பழசுக்கும் தன் இடம் எதுன்னு தெரியாது. எல்லாம் சேர்ந்து புதுசா தேடும், சண்டை குறையும்."

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இதைச் சாக்காக வைத்துப் புதுக் கல் விற்கப் பார்க்கிறான் என்று மனதுக்குள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து மஞ்சளை மட்டும் விட்டாள், கல்லைத் தொடவில்லை.

மஞ்சளின் வால் கிழிய ஆரம்பித்தது. மேனேஜர் அதைக் கண்ட இடத்தில் எல்லாம் விரட்டினார். அது மேனேஜரின் சுபாவம் என்று விட்டிருக்கலாம். ஆனால் பூதக்கண்ணாடியின் கண்ணில் வேறு சிலதும் பட்டன. சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டிக்குக் கீழே தரையில் ஈரம். மூடி ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. காய் கழுவும் ஓட்டைக் கூடை, காயே கழுவாத நாளில், ஆணியில் சொட்டிக்கொண்டு தொங்கியது. யாரோ கைவிட்டு மீனைச் சீண்டுகிறார்கள் என்று முடிவு கட்டினாள். யாரோ என்ன யாரோ, பகலில் வீட்டில் இருப்பது ஒருத்திதானே! கணவரிடம் சொன்னதற்கு, மீன் என்றால் கடிக்கத்தான் செய்யும் என்று அவர் பிடி கொடுக்காமல் நழுவினார்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். தனியாகப் போக வாடகைக்கு வீடு பார்ப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பூதக்கண்ணாடிக்குச் சந்தேகமே இல்லை. வந்தவள்தான் ஆட்டி வைக்கிறாள். முதலில் மீனில் கைவைத்தாள், இப்போது தான் வளர்த்த பிள்ளையில் கைவைக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். கேட்டால் வீடு இரண்டாகிவிடும், கணவர் ஒடிந்துபோவார் என்பதும் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆலையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை நூல் கொண்டுவந்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் அதை மூடியின் மேல் குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் பொட்டுப் பசை வைத்து ஒட்டினாள். சாயங்காலம் நூல் அறுந்து கிடந்தது. மறுநாளும் ஒட்டினாள், மறுநாளும் அறுந்தது. அதற்கடுத்த நாள் மத்தியானமே தலைவலி என்று ஆலையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை. தொட்டியின் மூடி ஒதுங்கியிருந்தது. ஓட்டைக் கூடை இரண்டு துணி கிளிப்புகளில் மாட்டித் தண்ணீருக்குள் தொங்கியது. அதற்குள்ளே மஞ்சள் மீன், கந்தலாகிப்போன வாலோடு, நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் வெளியே ஓட்டை ஓட்டையாக மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்.

அறைக்கதவு திறந்தது. இளையவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்ப அடி வாங்குதுக்கா. நீங்க கிளம்பினதும் கூடையில எடுத்து விட்டுருவேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி திரும்ப உள்ள விட்டுருவேன்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"உப்பு டப்பாவை மாத்தி வச்சதுக்கே நீங்க எங்கிட்ட பேசலக்கா. இது உங்க தொட்டி." அதற்குமேல் அடக்க முடியாமல் சொன்னாள். "வீடு பாக்கச் சொன்னதும் நாந்தான். அவருக்குப் போக மனசே இல்ல. எனக்குத்தான் இங்க எங்க உட்காரணும், எங்க நிக்கணும்னே தெரியல."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடி கூடைக்குள் குனிந்து பார்த்தாள். இந்தப் பெண் பாவம் பார்த்து எடுத்து எடுத்து விட்டதில், அந்த மீன் தினமும் சாயங்காலம் புதிதாக வந்த மீனாகவே தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. மேனேஜரும் தினமும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அது அறியாமல் செய்த தப்பு. கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியும் கல்லை நகர்த்தாதது யார்? பூதக்கண்ணாடிக்கு வெட்கமாக இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள்.

பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தண்ணீர் கலங்கி, மேனேஜர் தலைகால் புரியாமல் ஓடினார்.

"முதல் கல்லை நீ வை" என்றாள்.

இளையவள் தயங்கித் தயங்கி ஒரு தட்டைக்கல்லை எடுத்து, முன்னால், நட்டநடுவில் வைத்தாள். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. மூத்தவளுக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தாள். கடைசியாகக் கூடையைச் சாய்த்தபோது, இடம் தெரியாமல் அலைந்த கூட்டத்தோடு மஞ்சளும் அலைந்து, தட்டைக்கல்லின் அடியில் நுழைந்துகொண்டது. மேனேஜர் அந்தப் பக்கம் போனார், வந்தார், தனக்கே இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது போல விலகிப் போனார்.

அன்று சாயங்காலம் அடுக்களையையும் உன் இஷ்டத்துக்கு அடுக்கு என்று இளையவளிடம் சொல்லிவிட்டாள். சொன்னவள், அவள் எதை எங்கே வைக்கிறாள் என்று கூடத்திலிருந்து எட்டி எட்டிப் பார்க்கவும் செய்தாள். பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா?

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பூதக்கண்ணாடி தன் அடுக்களையில் நின்று ஒரு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய், சாத்தியிருந்த அறைக்கதவை முதல்முறையாகத் தட்டினாள்.

"உப்பு எங்கம்மா இருக்கு?"