கலியாணம் முடியட்டும்

மகள் கனடிய இராணுவத்தில் சேர்ந்ததை என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்குப் பல நாட்கள் பிடித்தன. யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவில்லை. மொன்றியலுக்கு வந்து இத்தனை வருடமாகியும், மெட்ரோவில் சீருடைக்காரர் ஏறினால் இவர் எழுந்து தள்ளிப் போய்விடுவார். அவள் மருத்துவப் பிரிவில்தான் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி ஒருவாறு ஆற்றினேன். "காயத்துக்கு மருந்து கட்டுறவள்" என்று அவரும் ஆட்களிடம் சொல்லப் பழகினார்.

பிறகுதான் அவள் மற்றதைச் சொன்னாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த கியூபெக்குக்காரப் பெண்ணும் இராணுவம்தான். தோழி என்று நினைத்திருந்தோம்.

"தோழி இல்லையம்மா. அவளைத்தான் கட்டப்போறன்."

அந்த வசந்தத்தில் மகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போகுமுன் ஒரு நாள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வரலாமா என்று கேட்டாள். அதை முடிவுசெய்ய லொங்குய்யிலிருந்து என் அண்ணை வந்தார். லாசாலில், எங்கள் சாப்பாட்டு மேசையில், மகளையும் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"கூப்பிட வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இப்ப வேண்டாம் எண்டுறன்," என்றார் அண்ணை. "உன்ர மகன்ர கலியாணம் முடியட்டும். பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

"ஒரு ஆமிக்காரியையே இப்பதான் தாங்கிக்கொண்டிருக்கிறன்," என்றார் இவர்.

மகள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"முந்தி கனடா ஆமியிலயும் என்னை மாதிரி ஆக்களைத் தேடிப் பிடிச்சு வேலையால கலைச்சவை அப்பா. பிறகு எங்களை எப்ப உள்ள விடுறது, எப்பிடி விடுறது எண்டு இப்பிடித்தான் மேசையைச் சுத்தி இருந்து கதைச்சவை. அவையே கதைச்சு முடிச்சிட்டினம். எனக்கு ஏதும் நடந்தா அவளுக்குத்தான் முதல்ல போன் போகும். உங்களுக்கு அவள்தான் சொல்லவேணும்."

இவர் எழுந்து பல்கனிக்குப் போனார். அண்ணை தேத்தண்ணி கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். எவருடைய பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவருடைய தம்பியையும் நான் அறிவேன், என் பிள்ளையையும் அறிவேன்.

வழியனுப்ப நான் மட்டும் போனேன். பெரிய மண்டபம், சீருடைகள், அழுகிற பிள்ளைகள். எல்லோர் முன்னாலும் அந்தப் பெண் என் மகளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பக்கத்தில் நின்ற அதிகாரி கோப்பி குடித்துக்கொண்டே வேறு யாருடனோ பேசினார். ஒருவரும் திரும்பவில்லை. தமிழாட்கள் யாரும் நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தது நான் மட்டும்தான்.

மகள் ஏறிய பஸ் புறப்பட்ட பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "Bonjour, madame," என்றவள் உடனே அழத் தொடங்கிவிட்டாள். நான் ஒரு garderie-யில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். என் பிரெஞ்சு சின்னப் பிள்ளைகளோடு பேசுகிற பிரெஞ்சு: கை கழுவு, மெதுவா, அழாதே. அதைத்தான் சொன்னேன். "Pleure pas, pleure pas." ஒரு பட்டாளத்துக்காரி என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

காரில் எங்கள் தெருவரைக்கும் கொண்டுவந்து விட்டாள். இரண்டாம் மாடி ஜன்னலில் இவர் நின்றார். உள்ளே வா, ஒரு தேத்தண்ணி குடி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நன்றி மட்டும் சொல்லி இறங்கினேன்.

மகன் கலியாணம் முடிந்தது. அதற்கு மகள் வரமுடியவில்லை. அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. இப்போது மகள் திரும்பிவிட்டாள். ஞாயிறுகளில் தனியே வருவாள். இவர் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைப்பார். இருவரும் காலநிலை பற்றிப் பேசுவார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிடுவது பற்றி நான் ஒருமுறை அண்ணையிடம் கேட்டேன். மகனின் மனைவி முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை பிறக்கட்டும் என்றார்.