லிஃப்ட்காரர் வீட்டு வெள்ளோட்டம்

லிஃப்ட்காரரின் உத்தியோக வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: மேலே போனார், கீழே வந்தார். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், பொத்தான் பலகைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, தலை கறுப்பாக இருந்த நாளிலிருந்து பஞ்சாக வெளுக்கும்வரை சனங்களை ஏற்றி இறக்கினார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்கள். அந்தக் குதிரைக்காவது வட்டமாகச் சுற்ற இடமிருந்தது. இவருக்கு அதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே நான் நேராத்தான் போவேன்" என்றார்.

"முதல்ல கைகால் கழுவிட்டு வாங்க. அப்புறம் போலாம்" என்றாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். வாய்க்குப் பஞ்சமில்லை, வயிற்றுக்குத்தான் வண்டி ஆகாது. பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் முகம் வெளிறிவிடும், மூன்றாவதில் ஜன்னலோரத்துக்காரர் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். மரியாதைக்காக இல்லை, பயந்துபோய். எங்கே போவதானாலும் நடைதான். லிஃப்டும் அவளுக்கு வண்டிதான். அந்தக் கட்டடத்தில் ஊழியர்கள் சாப்பிடும் அறை கடைசி மாடியில் இருந்தது. காலையில் அவர் மறந்துவிட்டுப் போகிற டிபன் கேரியரை மதியம் படியேறித்தான் கொண்டுவருவாள். "லிஃப்ட்காரர் சாப்பாடு மாடிப்படியில வருதுப்பா!" என்று குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள்.

"லிஃப்ட்ல ஒரே ஒரு மாடி ஏறிப் பாரேன்" என்று அவர் கெஞ்சாத நாளில்லை.

"ஏறுறேன். உங்க காக்கிச் சட்டை மேலயே வாந்தி எடுத்தா பரவாயில்லையா?"

போகிறவன் வருகிறவன், முறைக்கிறவன், முகத்தைக்கூடப் பார்க்காமல் மாடி எண்ணைச் சொல்கிறவன் எல்லாரையும் ஏற்றிய மனுஷன் சொந்தப் பெண்டாட்டியை ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு உள்ளே எரியும். தன் கையால் அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆசை யாரை விட்டது? ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட வேனை வாங்கினார். ஓட்டவும் கற்றுக்கொண்டார். கதவைத் திறந்தால் இன்னும் பன் வாசனை அடித்தது. அதற்குள் ஒரு குட்டி வீடு கட்டுவது என்று தீர்மானம். மடக்குக் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக் கடல் வரைக்கும் போக வேண்டும். நடுவில் ஒரு வறண்ட சமவெளி. வரைபடத்தில் அந்த ரோடு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டுவார். "இங்க வர்றப்போ நீ பக்கத்து சீட்ல காலை நீட்டி உக்காந்திருப்ப. நான் சும்மா ஒரு கையால பிடிச்சிருப்பேன்" என்பார். "வாளி எங்க இருக்கும்?" என்று கேட்பாள் அவள். ஆனாலும் சலவைக்கூடத்தில் மிஞ்சிய துணியில் வேனுக்கு ஜன்னல் திரை தைத்தது அவள்தான். போகிற ஆசை அவளுக்கும் இருந்தது. வாயைத் திறந்து சொல்லமாட்டாள், அழுத்தக்காரி.

வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்காரன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். லிஃப்ட்காரர் அலமாரிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்.

"அண்ணே, வண்டி நீளமா இருக்கு, நீங்க உயரமா யோசிச்சிருக்கீங்களே! ஒரு கதவுக்கும் கொக்கி இல்ல?"

"கொக்கி எதுக்கு? எங்க லிஃப்ட்ல முக்காலி மேல வச்ச டம்ளர்கூட அசையாது."

"லிஃப்டு வளைவுல திரும்பாதுண்ணே."

"எல்லாம் எனக்குத் தெரியும், போடா."

தெரிந்த லட்சணம் முதல் வெள்ளோட்டத்தில் தெரிந்தது. தெருமுனைத் திருப்பத்தில் வேன் வளைந்ததுதான் தாமதம், அத்தனை அலமாரியும் வாயைப் பிளந்தது. தட்டுகள் பறந்தன, கண்ணாடி டம்ளர்கள் நொறுங்கின, உப்பு டப்பா அவர் தலையிலேயே கவிழ்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்ததில் வேன் நடைபாதை மேல் ஏறி உறுமிவிட்டு அடங்கியது, மறுபடி கிளம்பவேயில்லை. மனைவி அதற்குள் இறங்கி மரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கப் போன அவருடைய உள்ளங்கை கிழிந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாண்கூட ஏறவில்லை.

பட்டறைக்காரன் ஜீப்போடும் கயிற்றோடும் வந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பின்னால வேன்ல ஒருத்தர் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்ணே" என்றான். அவர் கையில் இவ்வளவு பெரிய கட்டு.

"அண்ணி, நீங்க பிடிப்பீங்களா? மெதுவாத்தான் இழுப்பேன். ஜீப்பு திரும்புற பக்கம் திருப்பணும், நான் கை காட்டினா பிரேக்கை அழுத்தணும். அவ்வளவுதான்."

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். விரிப்பு உதறி உதறி உரம் ஏறிய கைகள். கடைத்தெரு, பாலம், ரயில்வே கேட் எல்லாம் தாண்டி, எத்தனையோ வளைவுகளில் அந்தப் பாரத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பக்கத்தில் லிஃப்ட்காரர் வாளியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி வந்தார். பட்டறை வாசலில் இறங்கியதும் அவள் கேட்டாள்.

"இங்க டீ கிடைக்குமா? பன்னும் இருந்தா சொல்லுங்க, பசிக்குது."

வண்டியில் ஏறிய நாளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள்! அவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"ஓட்டுறவங்களுக்கு வாந்தி வராதுண்ணே. திருப்பம் எப்ப வரும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல" என்றான் பட்டறைக்காரன்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? ஓட்டப் பழகும் வகுப்புக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். முதல் தேர்விலேயே லைசன்ஸ் வாங்கிவிட்டாள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், மாறி மாறி ஓட்டலாமே என்று. ஆனால் பக்கத்து சீட்டுக்கு அவள் மாறினால் பழைய கதைதான், தெரு தாண்டாது. மாத்திரை போட்டால் வாந்தி நின்றது, ஆனால் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். "தூங்கிக்கிட்டே வர்றதுக்கு நான் வீட்லயே படுத்துக்குவேனே" என்றாள். ஆக, அவள் வருவதென்றால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவளேதான் ஓட்ட வேண்டும்.

இது புரிந்த நாளிலிருந்து லிஃப்ட்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு ஆசையா இருந்தா நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

"நீ இல்லாம நான் எதுக்குப் போகணும்?"

"அப்ப நான் ஓட்டுறேன்."

"அப்ப நான் எதுக்கு?"

அவர் வேனுக்குள் போய் உட்கார்ந்து ஒவ்வொரு அலமாரிக்கும் கொக்கி போட்டார். தேவைக்கு மேலேயே போட்டார். அவள் தைத்த திரையை மாட்டினார். நடுநடுவே முன் சீட்டில் ஏறி, அணைந்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருப்பார். சமையலறை ஜன்னல் வழியாக அவள் இதைப் பார்ப்பாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

இரண்டாவது வெள்ளோட்டத்துக்கு அவளே நாள் குறித்தாள். ஊருக்கு வெளியே, கிடங்குகள் எல்லாம் முடிந்த பிறகு, வெறும் பொட்டலுக்கு நடுவே ஒரு ரோடு நேராகப் போகிறது. அதுவரை அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் முள்மேல் உட்கார்ந்ததுபோல இருந்தார். இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினார். "லாரி வருது, லாரி" என்றார். "கண்ணு எனக்கும் இருக்கு" என்றாள். கொக்கிகள் ஒன்றுகூட அசையவில்லை.

நேர் ரோடு தொடங்கிய இடத்தில் வேனை ஓரம் கட்டி இறங்கினாள். குடையை எடுத்து விரித்தாள்.

"என்ன ஆச்சு? குமட்டுதா?"

"ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்த மரம் தெரியுதில்ல, அதுவரைக்கும் ஓட்டிட்டுப் போய் நில்லுங்க. நான் நடந்து வரேன். எனக்கு நடை புதுசா என்ன?"

"வெயில் கொளுத்துதே."

"குடை எதுக்கு இருக்கு? போங்கன்னா போங்க. தினம் இப்படிக் கொஞ்சம் நேர் ரோட்டுல நீங்க ஓட்டலாம், மீதியை நான் பாத்துக்கறேன். கடல் எங்கயும் ஓடிப்போகாது."

அவர் ஓட்டினார். அப்பா, என்ன ரோடு! வளைவில்லை, மேடில்லை, குறுக்கே நாய்கூட இல்லை. ஸ்டியரிங் அவர் விரல்களுக்குள் லேசாக நடுங்கியது. எத்தனை நாள் நினைத்துக்கொண்டு கிடந்தாரோ, அப்படியே இருந்தது. ஒரு கையை எடுத்து ஜன்னலில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். அதில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். குடை சிறுத்துக்கொண்டே போனது.

மரத்தடியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். குடைக்குக் கீழே அவள் வேகு வேகு என்று வந்துகொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்ற கால்கள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. இதை அவர் இதற்கு முன்னால் கவனித்ததேயில்லை. சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார், வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள ஆசை தீந்துடுச்சா?"

"தீரல. நீ ஏறு" என்றார்.